நீ சுமந்த காசு மூட்டைகள்

அண்ணா,

இன்று காலை பாங்குக்குக் காசு வேன் வந்தது. வந்ததை நான் பார்க்கவில்லை. உள்ளே மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். மூட்டைகளை இறக்கி முடித்த ஆள் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து டீ கேட்டபோதுதான் அந்த வாசனை அடித்தது. ஈரச் சணலும் இரும்பும் வேர்வையும் கலந்த வாசனை. எவ்வளவு சோப்பு போட்டுத் துவைத்தாலும் உன் சட்டையை விட்டுப் போகாத அதே வாசனை. டம்ளரைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

“இன்னா தங்கச்சி, டீ இன்னிக்கு வருமா, நாளைக்கு வரட்டா?” என்று அவர் சிரித்தார்.

அவருக்கு உன்னைத் தெரியாது. காஞ்சிபுரத்துப் பக்கத்து ஆள். பாங்கில் நிரந்தரமாகப் போட்டு இங்கே அனுப்பியிருக்கிறார்கள். காக்கிச் சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டைக்குத்தான் நீ ஆசைப்பட்டாய்.

அம்மா போனதும் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, பாங்குக்கு எதிரே இருக்கும் அத்தையின் இட்லிக்கடைக்கு நான் வந்தேன். நீ அதே பாங்கில் வேன் வரும் நாட்களில் மட்டும் மூட்டை இறக்கினாய். மற்ற நாட்களில் கிடைத்த வேலை. கடைக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம். அவர்கள் வைக்கும் காசைத்தான் பார்ப்பேன். “ஊர்ல யாரையும் உனக்கு மூஞ்சி வச்சித் தெரியாது பாப்பா, காசை வச்சித்தான் தெரியும்” என்று நீ கேலி செய்வாய். அப்படிக் காசையே பார்த்துக்கொண்டிருந்ததில்தான் ஒரு நாள் ஒரு பத்துப் பைசாவில், ஆண்டு போட்டிருக்கும் எண்ணுக்குக் கீழே, கடுகளவு நட்சத்திரம் ஒன்றைக் கண்டேன். அடுத்த காசில் அது இல்லை. உன்னிடம் காட்டினேன். பஸ் ஸ்டாண்டில் பழைய காசு விற்கிறவரிடம் நீ விசாரித்துக்கொண்டு வந்தாய். நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத்தில் அடித்தது, சாய்சதுரம் இருந்தால் பம்பாய், ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா.

அன்றைக்குப் பிடித்தது நம் இருவருக்கும் அந்தப் பைத்தியம். பட்டுப்புடவைப் பெட்டியின் அட்டை மூடியில் பிளேடால் வட்டம் வட்டமாக ஓட்டை போட்டு, பின்பக்கம் காகிதம் ஒட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு காசைப் பதித்தாய். மெட்ராசைத் தாண்டிப் போகாத நீ, “இது பம்பாய்லேர்ந்து வந்துகீது பாரு” என்று ஊருக்கு வந்த உறவினரைக் காட்டுவதுபோல் காட்டுவாய். அத்தைக்குப் பொறுக்காது. “அண்ணனும் தங்கச்சியும் காசையே பாத்துகினு இருங்க. சாம்பார் பொங்கி அடுப்பு அணையட்டும்” என்பாள்.

ஒரே ஓட்டை மட்டும் காலியாக இருந்தது. தாமரைப்பூ போட்ட மஞ்சள் இருபது பைசா, நட்சத்திரத்தோடு. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட, ஊரில் பாதிப் பேர் அந்தக் காசை மோதிரம் செய்யக் கொடுத்துவிட்டார்கள். கடைக்கு வந்த சொற்பமும் பம்பாய், கல்கத்தா.

ஆனால் உன் தோள்மேல் அது எவ்வளவு போயிருக்கும்! எனக்கு அதை நினைத்தால் இப்போதும் ஆற்றாமையாக இருக்கும். காஞ்சிபுரத்துப் பெரிய கிளையிலிருந்து வேன் வந்து பின்பக்கமாகப் படிக்கட்டை ஒட்டி நிற்கும். துப்பாக்கி வைத்திருக்கும் போலீஸ்காரர் மூட்டைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நிற்பார். மூட்டை வாயில் சுற்றிய கயிற்றில் புளியங்கொட்டை அளவு ஈய முத்திரை. அது உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். வழியில் யாரும் எதையும் பிரிப்பதில்லை. நீ குனிவாய், மூட்டை ஏறும், படி ஏறுவாய். தோளில் விழும்போதே உனக்குத் தெரிந்துவிடும். எட்டணா மூட்டை சின்னதாக இருந்துகொண்டு கருங்கல் மாதிரி அழுத்தும். ரெண்டு பைசா மூட்டை சருகு மாதிரி சத்தம் போடும். இருபது பைசா என்றால் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாய். அன்று ராத்திரி உன் தோளுக்கு எண்ணெய் தேய்க்கும்போது, “மூட்டைல இருக்கறப்போ அது வெறும் கனம் பாப்பா. பிரிச்சாத்தான் காசு” என்பாய். ஆயிரக்கணக்கில் சுமந்த நீ ஒன்றையும் பார்த்ததில்லை. பத்து இட்லிக்கு வந்த சில்லறையை நான் பார்த்தேன்.

ஒரு மழைக்காலத்தில் மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு, நிரந்தர ஆளாகப் போடச் சொல்லி மேலே உன் பெயரை எழுதப்போவதாகச் சொன்னார். நீ ஓடி வந்தாய். “சட்டை வந்த அன்னிக்கே நீ ஆட்டுக்கல்லை வுட்டு எழுந்துரு. ஒரு நாளும் இனிமே மாவாட்டக் கூடாது.” நான் அதை நம்பினேன். கை வலிக்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொண்டு ஆட்டினேன்.

அடுத்த வேன் மழையில் நனைந்து வந்தது. நீ மூன்றாவது மூட்டையோடு படியில் கால் வைத்தபோது அடித்தையல் இற்றுப்போய்ப் பிளந்தது. ரோடெல்லாம் மஞ்சள் காசு. “யாரும் கிட்ட வரக்கூடாது!” என்று போலீஸ்காரர் கத்தினார். நீயும் பியூனும் மட்டும் உட்கார்ந்து அள்ளி ஒரு அலுமினியப் பேசினில் போட்டீர்கள். நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அள்ளிக்கொண்டே வந்த உன் கை நின்றது. ஒரு காசைத் திருப்பினாய். கட்டைவிரலால் சேற்றைத் துடைத்தாய். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய்.

என்ன கிடைத்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. சந்தோஷத்தில் வாயைப் பொத்திக்கொண்டேன். படிக்கட்டின் மேல் நின்ற மேனேஜரும் அதைப் பார்த்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. காசு பேசினில் விழுந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

உள்ளே எண்ணி முடித்தார்கள். ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் மேனேஜர் உன்னை நிறுத்திவைத்துக் கேட்டிருக்கிறார், எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் ஏன் அதை மட்டும் திருப்பிப் பார்த்தாய் என்று. உனக்குச் சொல்ல வரவில்லை. காட்டினால் புரிந்துவிடும் என்று நினைத்தாய். வாசலுக்கு வந்து ரோட்டின் இந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாய். “பாப்பா, அந்த அட்டையை எடுத்துகினு வா!”

காசைப் பார்த்து வாழ்கிற நம்மைப்போல இரண்டு பேருக்குத்தான் அப்படித் தோன்றும். வீட்டுக்கு ஓடி அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, முதல்தடவையாக அந்தப் படி ஏறினேன். நீ அதை வாங்கி மேசைமேல் வைத்தாய். உன் முகத்தில் அப்போதும் பெருமை இருந்தது.

காசாளர் எட்டிப் பார்த்தார். “சார், இவன் வூட்லயே ஒரு பிராஞ்ச் வச்சிருக்கான்!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

“இவ்வளவும் ஏதுப்பா?”

“கடைல வந்த சில்லறை சார். என் தங்கச்சி பொறுக்கினது.”

“ஆமா சார்” என்றேன். என் குரல் எப்படியோ அவர் காதில் விழுந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் நம்பறேன்மா. மேல இருக்கறவங்க நம்பணுமே. காசு சேக்கற பழக்கம் உள்ள பையன், அவனையே காசு மூட்டை தூக்கப் போடுங்கன்னு நான் எப்படி எழுதறது?”

திரும்பி வரும்போது அட்டையை நீயே கையில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாய். அப்புறம் சொன்னாய்: “பாத்துட்டேன் பாப்பா.”

“நட்சத்திரமா?”

“ம். தேயவே இல்ல. நேத்து அடிச்ச மாதிரி இருந்துச்சு.”

அதற்கப்புறம் வேன் வரும் நாளில் உன்னை அவர்கள் கூப்பிடவில்லை. பென்னலூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போனாய். காமாலை வந்தபோதும் போனாய். படுத்தபிறகு எழவில்லை. உன்னை எடுத்த அன்று பந்தலில் ஒருவர் இன்னொருவரிடம், “பாங்க் காசுல கை வச்சி மாட்டிக்கினானே, அந்தப் பையன்தான்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவன் திருப்பிப் போட்டான், நான் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. நான் இன்னும் மாவு ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன் அண்ணா. வலது தோள் இறங்கிவிட்டது. உனக்கும் அந்தத் தோள்தான்.

அட்டை என்னிடம் இருக்கிறது. அந்த ஓட்டை காலிதான். வருகிற ஒவ்வொரு காசையும் திருப்பிப் பார்க்காமல் கல்லாவில் போட முடிவதில்லை. அந்த மூட்டைக் காசெல்லாம் இந்த ஊரில்தானே சில்லறையாக வெளியே போனது.

இன்று அந்தக் காக்கிச் சட்டைக்காரர் டீ குடித்துவிட்டு ஒரு இருபது பைசா வைத்தார். தாமரை. திருப்பினேன். சாய்சதுரம்.

“இன்னா தங்கச்சி, செல்லாதா?”

“செல்லும். எங்க அடிச்சதுன்னு பாத்தேன்” என்றேன். அவர் முழித்தார். அன்று உனக்குச் சொல்ல வராததை நான் சொன்னேன். ஆண்டு எங்கே இருக்கும், அதற்குக் கீழே என்ன இருக்கும், எது எந்த ஊர். என் குரல் இவ்வளவு நேரம் வெளியே கேட்டு அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அட, இது தெரியாமயா இத்தினி மூட்டை தூக்கினேன்!” என்று அவர் பையிலிருந்த சில்லறையை எல்லாம் பெஞ்சில் கொட்டினார். ஒவ்வொன்றாகத் திருப்ப ஆரம்பித்தார். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் துடைத்து வெளிச்சத்தில் தூக்கினார். உன்னைப்போலவே. எதிரே பாங்க் படிக்கட்டைப் பார்த்தேன். யாரும் நிற்கவில்லை.

“அண்ணே” என்றேன். “இங்க எவ்ளோ வேணா பாருங்க. அங்க மட்டும் பாக்காதீங்க.”