அளவுகோலுக்குக் கீழே

மார்ச் 3, திங்கள்

பயிற்சி தொடங்கிவிட்டது. இரண்டு வாரத்தில் நீரியல் முழுவதையும் எங்கள் தலையில் ஏற்றிவிடுவார்களாம். வகுப்பில் எல்லோரும் என்னைப் போல வேலையிலேயே நரைத்தவர்கள். அணை பார்ப்பவர்கள், ஆழ்துளைக் கிணறு போடுபவர்கள், குடிநீர்ப் பொறியாளர்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு பம்ப்காரர். மோட்டார் ஓடும் அறையிலேயே வாழ்ந்தவர் போலும். ‘வணக்கம்’ என்பதையே கத்தித்தான் சொல்கிறார்.

முதல் பாடம்: வந்த நீர், போன நீர், மிச்சம். போனில் அக்காவிடம் சொன்னேன்.

“இதுக்கா உன்னை அவ்ளோ தூரம் அனுப்பினாங்க? இதைத்தான் டயாலிசிஸ் நர்ஸ் எனக்கு வாரம் மூணு தடவை சொல்றாளே!”

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் அவளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். பாட்டிலில் கோடு போட்டு வைத்துக் குடிக்கிறாள்.

மார்ச் 5

மதிய வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை. பம்ப்காரர் குறட்டை விட்டார். அந்தச் சத்தத்தில் அவரே பதறி விழித்துக்கொண்டார்.

மார்ச் 7

படகில் கூட்டிப்போனார்கள். கயிற்றில் கட்டிய எடையை இறக்கி ஆழம் பார்க்க வேண்டும். நான் கயிறு தளரும்வரை விட்டேன். பாடம் நடத்தும் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அப்படியே விட்டா சேத்தையும் தண்ணின்னு எண்ணிடுவீங்க. கை கொஞ்சம் கனம் குறையுதுன்னு சொல்லும், அங்கேயே நிறுத்துங்க.”

மார்ச் 10

இன்று அவரவர் ஊர்க் கணக்கு. ஊர்க் குடிநீர் அலுவலகத்தில் எங்கள் வேலை சுலபம்: காலையில் ஏரியில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்ப்போம், இந்த மட்டத்துக்கு இவ்வளவு தண்ணீர் என்று அட்டவணை சொல்லும், அதை மேலே அனுப்புவோம். அட்டவணை அணை கட்டியபோது போட்டது. நான் அப்போது பிறக்கவே இல்லை.

போன வருடம் உறிஞ்சுகுழாய் பழுதுபார்த்தபோது படகில் எடுத்த ஆழங்கள் என்னிடம் இருந்தன. அவற்றை வைத்து ஏரியின் அடியை வரைந்தேன். ஐந்தில் இரண்டு பங்கு சேறு. இத்தனை வருடம் அதையும் தண்ணீர் என்றே எண்ணியிருக்கிறோம். இப்போது விடுகிற அளவில் விட்டால் ஏப்ரல் தாண்டாது. மழை ஜூன் கடைசியில். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன் — நான்தான் தப்பாகப் போட்டேன் என்று யாராவது சொல்லமாட்டார்களா?

அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். “இது உங்க ஊரா?”

“ஆமா மேடம்.”

முழு மதிப்பெண் போட்டார்.

மார்ச் 11

மேலதிகாரியைக் கூப்பிட்டேன். இன்றிலிருந்தே ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விட்டால் மழைவரை இழுத்துப்பிடிக்கலாம் என்றேன்.

“மழை வரைக்கும் தாங்கும்னு போன வாரம்தான் மைக்கைப் புடிச்சுச் சொல்லியிருக்கேன். வகுப்புக் கணக்கையெல்லாம் ஊருக்குள்ள இறக்காதீங்கம்மா. சர்டிபிகேட்டை வாங்கிட்டு நல்லபடியா வந்து சேருங்க.”

மார்ச் 12

ஊருக்காகப் பதறுகிறேன் என்று எழுதினால் பொய். ஒரு ஆளுக்கு ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய ஏறக்குறைய முந்நூறு லிட்டர் வேண்டும். ஆஸ்பத்திரி எங்கள் குழாயைத்தான் நம்பியிருக்கிறது. கணக்கில் நீர்மட்டக் கோடு ஏப்ரலில் ஏரித் தரையைத் தொட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அக்காவின் நாற்காலி.

போனில் அவள், “குரலே சரியில்லையே, பெயிலா?” என்றாள். முதல் மார்க் என்றேன்.

மார்ச் 14

சான்றிதழ். குழுப் படம். “சிரிங்க மேடம்!” என்று பம்ப்காரர் கத்தினார். சிரித்தேன்.

மார்ச் 20

அறிக்கையை நேரில் கொடுத்தேன். மேலதிகாரி கெட்டவர் இல்லை. முழுவதும் படித்தார். “இதை வெளிய சொன்னா அன்னைக்கே ஊரே குழாயைத் திறந்து புடிச்சு வெச்சுக்கும். ஒரே வாரத்துல காலி. அதுக்கு யார் பதில் சொல்றது?” என்றார். அதுவும் நியாயம்தான். எல்லோரிடமும் நியாயம் இருக்கிறது, ஏரியில்தான் தண்ணீர் இல்லை.

ஏப்ரல் 17

குழாயில் காப்பி நிறத்தில் வருகிறது.

ஏப்ரல் 22

சேற்றுத்தண்ணீரில் ஆஸ்பத்திரி பில்டர்கள் அடைத்துப்போகின்றன. லாரித் தண்ணீரில் உப்பு, பில்டர்கள் அதையும் தாங்கவில்லை. இனி டயாலிசிஸ் வாரம் இரண்டு தடவைதான்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீங்கிய காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“அப்போ நானும் உன் ஏரியும் ஒண்ணு. பாக்க நிறைவாத்தான் இருப்போம்.”

சிரிப்பு வரவில்லை. எழுந்து அவள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியைப் பார்க்கிற சாக்கில் மேலே போய் அழுதேன். கீழேயிருந்து சத்தம்: “மோட்டாரை நிறுத்துடி, வழியப்போகுது!” தொட்டியில் வழிய என்ன இருக்கிறது? பழக்கம். தொட்டி வழிந்தால் அவளுக்குப் பொறுக்காது.

மே 4

வாரம் ஒரு தடவை. பக்கத்து நகர ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்திருக்கிறோம். எங்களுக்கு முன்னால் பெரிய வரிசை. அக்காவின் கணவர், அத்தான், தினமும் போய் நின்றுவிட்டு வருகிறார். அவளுக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தே தூங்குகிறாள்.

மேலதிகாரி என் மேசைக்கு வந்தார். “நீங்க அன்னைக்கே...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் அன்றைய மட்டத்தை எழுதத் தொடங்கினேன்.

மே 13

விடிவதற்குள் அக்கா போய்விட்டாள். என்னடி படிச்சே நீ? என்னத்தப் படிச்சு என்னத்தக் கிழிச்சே?

ஜூலை 2

பத்து நாளாக மழை. புதிய அட்டவணைக்கு உத்தரவு வந்துவிட்டது. வகுப்பில் நான் வரைந்த அதே ஏரியடிக் கோடு, கீழே மேலதிகாரியின் கையெழுத்து. அடுத்த பயிற்சிக்குப் பாடம் நடத்த என்னையே கூப்பிட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் அத்தானைப் பார்க்கப் போனேன். டீ போட்டுக் கொடுத்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சுக்கு நடுவே மொட்டைமாடியில் தொட்டி நிரம்பி, ஜன்னலை ஒட்டித் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. இருவருக்கும் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை.