ஒரே பெயரில் திறந்த கணினி

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானும் பிள்ளைகளும் சுகமா? முழங்காலை டாக்டரிடம் காட்டினாயா? நர்ஸுக்குத் தன் காலைப் பார்க்க நேரமில்லை என்று மறுபடி எழுதாதே, எரிச்சலாக வருகிறது.

இங்கே எல்லாமே எரிச்சல்தான். மருத்துவமனைக் கணினியைப் புதிதாக வடிவமைப்பதற்கு முன், நர்ஸுகள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று வார்டிலேயே இருந்து பார்த்து எழுத எங்கள் கம்பெனி என்னை அனுப்பியது அல்லவா? மூன்று மாதம் பார்த்து நாற்பது பக்கம் கொடுத்தேன். அதில் ஒரு பக்கம்: ஒவ்வொருவரும் தன் பெயரில்தான் கணினியைத் திறந்து பதிய வேண்டும், திறக்கவே மூன்று நிமிடம் ஆகிறது. ஊசியும் கையுமாக நிற்பவர்கள் என்ன செய்வார்கள்? மூத்த நர்ஸ் காலையில் தன் பெயரில் திறந்து வைக்கிறார், எல்லோரும் அதிலேயே பதிகிறார்கள், மருந்து நேரத்துக்குப் போகிறது. இதற்கேற்பக் கணினியை மாற்றுங்கள் என்று எழுதினேன்.

பெயர் போடவில்லை, 'மூத்த நர்ஸ்' என்றுதான் போட்டேன். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு. அந்த வார்டில் மூத்த நர்ஸ் ஒருவர்தான் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மற்ற முப்பத்தொன்பது பக்கங்களை யாரும் புரட்டவில்லை. அந்த ஒரு பக்கம் மட்டும் நிர்வாகத்துக்குப் போய், அவருக்கு விசாரணை நோட்டீஸ் வந்துவிட்டது. ஓய்வுபெற எட்டு மாதம்தான் இருக்கிறது. எங்கள் மேனேஜரிடம் கத்தினேன். “விதிய மீறுனாங்கன்னு நீதானே எழுதின?” என்கிறார். மீறல் என்ற சொல்லே நான் எழுதவில்லை அக்கா!

வார்டுக்குப் போய் மூத்த நர்ஸைப் பார்த்தேன். “எங்க கஷ்டத்த நீ எழுதப்போறேன்னு நெனச்சுத்தாம்மா எல்லாத்தையும் காட்டுனேன்” என்றார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த மாதம் விசாரணை. வார்டில் நான் குறிப்பெடுத்த நோட்டுப் புத்தகத்தைக் கம்பெனி கேட்கிறது, தராவிட்டால் வேலை போகும். தப்பு கணினியின் மேல்தான் என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி. ஆனால் மற்றப் பதினோரு நர்ஸுகளின் பெயரும் அதில் இருக்கிறது. கொடுக்கவும் முடியவில்லை, கிழிக்கவும் கை வரவில்லை. இத்துடன் உனக்கு அனுப்புகிறேன். இதையும் அவர்களைக் கேட்காமல்தான் செய்கிறேன்.

நீயும் வார்டில் நிற்கிறவள். படித்துப் பார். அவரை இது காப்பாற்றும் என்றால் உடனே திருப்பி அனுப்பு. பதினோரு பேரையும் மாட்டிவைக்கும் என்றால் அடுப்பில் போட்டுவிடு, என் வேலையைப் பற்றி யோசிக்காதே. அவர் முகத்தில் நான் விழிக்க ஒரு வழி சொல், அக்கா.

உன் பதிலுக்குத் தவிக்கும்
தங்கை