போகியன்று அழிந்த மின்மினி

மார்கழி 28, திங்கள்

விடியலிலிருந்து தூறல். கோயிலில் மார்கழிப் பூசை. பிரசாதச் சுண்டலோடு நேரே புக்கிட் ரோத்தானில் முத்தையாவின் அச்சகம். கணினி விஷயமாக இது மூன்றாம் முறை.

அவர் கணினியின் இயங்குதளத்திற்கு இனிப் பாதுகாப்பு அப்டேட் வராது. அதன் புதிய பதிப்பைத் தாங்க அந்தப் பழைய பெட்டிக்கு வலுவில்லை. லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் போதும் என்றேன். விலையில்லை, பூட்டில்லை. அறிந்தவர்கள் எல்லாருக்குமாகத் திறந்துவைத்தது; அன்னதானத்திற்கு நிகர். கோயில் அலுவலகத்தில் ஓராண்டாக நான் ஏற்றிய லினக்ஸ்தான் ஓடுகிறது.

"சும்மா குடுக்கறவன் எதுக்குக் குடுக்கறான்ணே? அதான் பயமா இருக்கு."

"கோயிலில் இலை போட்டால் அப்படிக் கேட்டாயா? இரண்டாம் தரம் பாயசம் அல்லவா கேட்டாய்?"

சிரித்துவிட்டார். மனைவி சரோஜா இறந்த பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். சம்மதம். நாளும் குறித்தாயிற்று: போகி. பழையதைக் கழிக்க அதைவிட நல்ல நாள் ஏது.

வாங்க: பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, பெண்டிரைவ் ஒன்று. முழங்கால் தைலம் தீர்ந்தது.

மார்கழி 30, புதன். போகி

நல்ல வெயில். காலையில் பழம்பாய், கிழிந்த திரைச்சீலை எல்லாம் வெளியே. பிற்பகல் அச்சகம்.

விலைப்பட்டியல், வாடிக்கையாளர் பெயர்கள், புகைப்படங்கள்: நகலெடுத்தேன். வேறு ஏதும் உண்டா என்று கேட்டேன்.

"கார்டு டிசைன் எல்லாம் அவ பாத்தது. எனக்கு என்னண்ணே தெரியும்? நீங்கதான் எல்லாத்தையும் எடுத்துட்டீங்களே."

எடுத்தாயிற்று என்றேன். சாம்பிராணி காட்டினார். கணினியின் வன்வட்டை முழுவதுமாகத் துடைத்து லினக்ஸ் ஏற்றினேன். பெட்டி குதிரைபோல் ஓடிற்று. "புதுசு வாங்குனாப்ல இருக்குலா" என்று அவர் தட்டிக்கொடுத்தார், கணினியை. வீடு திரும்பும்போது மனம் நிறைவு.

தை 3, சனி

பொங்கல் பானை இன்னும் கழுவவில்லை. முத்தையா தொலைபேசியில்.

"அண்ணே, சரோஜாவோட பூக்கொடி எந்தப் பக்கம் வெச்சிருக்கீங்க? திதி கார்டுக்கு எடுக்கணும்."

முதலாண்டுத் திதி தை 12. நினைவு அட்டைக்கு அவள் வரைந்த ஓரக்கொடியைத்தான் போட வேண்டும் என்று வைத்திருந்தாராம். மல்லிகைக் கொடி, கீழ் மூலையில் ஒரு மின்மினி. இந்த வட்டாரத்தில் பாதித் திருமண அழைப்பிதழ்களில் உண்டு அது. என் மகளுடையதிலும்.

ஓடினேன். நகலெடுத்தவற்றில் இல்லை. அவள் வரைந்ததையெல்லாம் அட்டை வடிவமைக்கும் மென்பொருளின் கோப்புறைக்குள்ளேயே சேமித்திருக்கிறாள். அது மென்பொருள்தானே, லினக்ஸில் ஓடாதே என்று நான் திறந்தும் பார்க்கவில்லை.

முத்தையா தேநீர் ஆற்றிக் கொடுத்தார்.

தை 6, செவ்வாய்

வட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு புஞ்சாக் ஆலாம் ஊருக்குப் போனேன். கணினிக் கடைப் பெண் பொறுமையானவள்.

"டிலீட் பண்ணிருந்தா தேடலாம் அங்கிள். நீங்க ஃபுல்லா தொடச்சிட்டு, மேல வேற எழுதிட்டீங்க. ஸோரி, அங்கிள்."

பக்கத்து மேசையில் யாரோ: "பேக்கப் பண்ணு பண்ணுன்னு சொன்னேன், கேட்டியா?" என்னை அல்ல. இருந்தும் தலை குனிந்தது.

பேருந்தில் பதிகம் ஓத முயன்றேன். பாதியில் நின்றுவிட்டது.

தை 8, வியாழன்

மழை. மகளின் திருமண அழைப்பிதழைத் தேடியெடுத்துக் கொண்டுபோனேன். ஸ்கேன் செய்து பெரிதாக்கினோம். கொடி மங்கல். மின்மினி வெறும் கரும்புள்ளி.

"அவ மவுஸ்ல ஒரு வாரம் வரைஞ்சாண்ணே. சோறு வெக்க மறந்துட்டு வரைவா. நான் திட்டுவேன்."

அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டியிருக்கலாம். தானம் என்று சொல்லிக்கொண்டு போனவன், அந்த வீட்டில் என்ன இருந்தது என்று பார்க்காமலே கொளுத்திவிட்டேன்.

தை 12, திங்கள்

திதி. எள், பிண்டம், காக்கைக்குச் சோறு. காகம் தாமதம், வந்தது.

அட்டை கையில் கிடைத்தது. படம், பெயர், நாள். ஓரங்கள் வெறுமை. வேறு கொடி போட மனம் வரவில்லையாம்.

தை 14, புதன்

புழுக்கம். தைப்பூசப் பந்தல் நோட்டீஸ் வாங்க அச்சகம் போனேன். முத்தையா லினக்ஸில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். பழையபடி மாற்றித் தருகிறேன் என்றேன். மாற்றினால் அவள் வரைந்தது வருமா என்றார்.

அப்போது டயர் கடைச் சேகர் வந்தான். அவன் கணினிக்கும் அதே வயது, அதே நோய். போன மாதம் நான்தான் அவனிடமும் பேசிவைத்திருந்தேன்.

"என்னண்ணே, ஐயா போட்டுக் குடுத்தது எப்படி? நல்லா ஓடுதா?"

நான் நோட்டீஸ்களை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"நல்லா ஓடுதுலா. வைரஸ் இல்ல, டுயிட் இல்ல, காசே வேணாம். போட்டுக்க." முத்தையா அச்சுப் பொறியை நிறுத்தினார். "ஆனா கணக்கெல்லாம் உன் பொண்டாட்டிதான பாக்குது? எத எங்க வெச்சிருக்குன்னு மொதல்ல அதுகிட்ட கேளு."

"அது கெடக்குண்ணே, ஐயா பாத்துக்குவாரு. எப்ப வரீங்க ஐயா? பெண்டிரைவ் இருக்கா?"

சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. உன் மனைவியை இங்கே வரச்சொல் என்றேன்.

சேகர் சிரித்தான். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, மனைவியை அழைக்கப் போனை எடுத்தான்.