கோட்டைக் கதவைத் திறந்த உங்கப்பா

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதறேன். எங்க ரெண்டு பேருக்கும் உடம்பைப் பொறுத்தவரைக்கும் ஒரு குறையும் இல்லை, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஒழுங்கா மூடிக்கிட்டு நல்லபடியா இருக்கேன்னு நம்பறேன். அப்பா ஏன் ஒரு மாதிரி பேசறார்னு போன்ல கேட்டுக்கிட்டே இருந்தே, நானும் பேச்சை மாத்திக்கிட்டே இருந்தேன். அவர் பக்கத்துல காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா நான் என்னத்தைச் சொல்றது. இப்போ வெளியே போயிருக்கார், அதான் முழுசா எழுதறேன். சிரிச்சுக்கோ, ஆனா சிரிச்சேன்னு அவர்கிட்ட சொல்லிடாதே.

நம்ம தெருமுனை லைப்ரரியோட வெளிச்சுவர் போஸ்டர் ஒட்டி ஒட்டி அசிங்கமாக் கிடக்குமே, அதுல ஊரோட பழைய வரலாற்றைப் படமா வரையறதுக்கு ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. உன் வயசுதான் இருக்கும், பேன்ட் எது பெயிண்ட் எதுன்னு தெரியாது, ஆனா கைதான் கை. இங்கே ஒரு கோட்டை இருந்தது, எதிரி வந்து சுத்தி வளைச்சான், ராஜா கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருந்தார், யாரோ கதவைத் திறந்துவிட்டதுல கோட்டை போச்சுன்னு நீயும் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பே. அந்தக் காலத்து ஆளுங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும், அதனால இந்தத் தெருக்காரங்க மூஞ்சியையே வச்சு வரைஞ்சிடலாம்னு அந்தப் பொண்ணு முடிவு பண்ணிட்டா. எதிர்வீட்டுப் பல் டாக்டரை ராஜாவா உட்கார வச்சா. அவருக்குத் தொப்பையும் இருக்கு, ஆள் வராத கிளினிக்ல கம்பீரமா உட்கார்ந்த பழக்கமும் இருக்கு, பொருத்தம்தான். உங்கப்பாவைக் கூப்பிட்டு, கதவுத் தாழ்ப்பாள்ல கை வச்ச மாதிரி நில்லுங்க அங்கிள்னு சொல்லியிருக்கா. மனுஷன் தரையில நடக்கலை. ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்த காலம் பூரா டிக்கெட் இல்லாம ஒரு ஈயைக்கூட கேட்டைத் தாண்ட விட்டதில்லை, அதைப் பார்த்துத்தான் என்னைக் காவலுக்குப் போட்டிருக்கான்னு கடைக்காரர்லேர்ந்து தண்ணி கேன் போடறவர் வரைக்கும் சொல்லியாச்சு. வீட்ல பாத்ரூம் தாழ்ப்பாளைப் பிடிச்சு ஒத்திகை வேற, ஒருநாள் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுட்டுக் கண்ணாடியில அழகு பார்த்துக்கிட்டு நின்னுட்டார், உள்ளே நான் தட்டிக்கிட்டே இருக்கேன்.

திறப்பு நிகழ்ச்சிக்கு இஸ்திரி போட்ட சட்டையோட போனோம். திரையை விலக்கினாங்க, உங்கப்பா மூஞ்சி அச்சு அசலா அப்படியே இருக்கு. கீழே எழுதியிருந்ததைக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு அவரே சத்தமாப் படிச்சுட்டார், எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்ட துரோகி, பெயர் தெரியவில்லைன்னு. பின்னாடியிருந்து யாரோ, எங்களுக்குத் தெரியுமேன்னாங்க. சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆச்சு, எனக்கும் வந்துடுச்சு, முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டேன், அதை இன்னிக்கு வரைக்கும் அவர் மன்னிக்கலை.

அதுக்கப்புறம் தெரு சும்மா இருக்குமா. கடைக்காரர் இவரைப் பார்த்ததும் கல்லாவைப் பூட்டற மாதிரி நடிக்கிறார். தண்ணி மோட்டார் ரூம் சாவி இத்தனை வருஷமா இவர்கிட்டதானே இருக்கு, குடியிருப்போர் கூட்டத்துல ஒருத்தர் இனிமே சாவியை வேற யார்கிட்டயாவது கொடுக்கிறது நல்லதுன்னு விளையாட்டாச் சொல்லியிருக்கார். இவர் சாவியை மேஜை மேல வச்சுட்டு வந்துட்டார். அதுக்கப்புறம்தான் எனக்குச் சிரிப்பு நின்னுது. வாசல் பக்கமே போகலை, பேப்பரைத் தலைகீழா வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். நீ போன் பண்ணினபோதெல்லாம் இந்த நிலைமைதான். பல் டாக்டர் மட்டும் தினம் அந்தச் சுவர் வழியா வாக்கிங் போயிட்டு வந்தார், நடை கூட மாறிப் போச்சு, குனிஞ்சு செருப்பு மாட்டறதுக்கே யோசிச்சார்.

கடைசியில ஒருநாள் காலையில, அந்த மூஞ்சியை அழிக்கச் சொல்லப் போறேன்னு கிளம்பினார், கைகலப்பு ஆயிடக்கூடாதேன்னு நானும் கூடப் போனேன். அங்கே பார்த்தா ஒரு டீச்சர் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து படத்தைக் காட்டிக்கிட்டு இருக்காங்க. ஒரு குட்டிப் பொண்ணு சுவரைப் பார்த்தா, இவரைப் பார்த்தா, மறுபடி சுவரைப் பார்த்தா, நேரா வந்து, தாத்தா நீங்க ஏன் கதவைத் திறந்தீங்கன்னு கேட்டுட்டா. கிண்டல் இல்லை, நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்டா. இவருக்கு அது நான் இல்லைம்மான்னு சொல்ல வாய் வரலை. உள்ளே ஜனங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்லை, ராஜா மட்டும் தொட்டியில குளிச்சுக்கிட்டு இருந்தார்னு ஆரம்பிச்சார் பாரு, பிள்ளைங்க அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க. முடிச்சதும் டீச்சர், சார் இது எந்தப் புத்தகத்துல இருக்குன்னு கேட்டாங்க. திறந்தான்னு புத்தகத்துல இருக்கு, ஏன்னு இல்லை, அந்த சீட்டு இத்தனை காலமாக் காலியாக் கிடக்குது, நான் உட்கார்ந்துட்டேன்னார். வாழ்நாள் பூரா அப்படி உட்கார்ந்தவங்களை எழுப்பி இறக்கிவிட்ட மனுஷன் பேசற பேச்சா இது.

அப்புறம் என்ன, தினம் சாயங்காலம் சுவர்கிட்ட கூட்டம்தான். ஒவ்வொரு நாளும் ராஜா மோசமாகிக்கிட்டே போனார். ராஜாவுக்குப் பல்லெல்லாம் சொத்தைன்னு சொன்ன அன்னிக்குப் பல் டாக்டர் சண்டைக்கு வந்துட்டார், தொழில் போயிடும்னு. உங்க பக்கம் நியாயம் இருந்தா நீங்களும் சொல்லுங்கன்னு இவர் சொல்ல, மனுஷன் நிஜமாவே மறுநாள் வந்து, வெளியே நிக்கிறவங்க கத்தியோட நிக்கிறாங்க, கதவைச் சாத்தி வச்சுத்தான் ஊரைக் காப்பாத்தினேன்னு ராஜா சார்பா வாதாட ஆரம்பிச்சுட்டார். அதுவும் நியாயம்தானேன்னு நான் வாயைத் திறந்துட்டேன், அன்னிக்கு இவர் எனக்கு காபி போட்டுக் கொடுக்கலை. யார் சொல்றது சரின்னு பார்க்க ஜனங்க வரலாற்றுப் புத்தகமெல்லாம் எடுத்துட்டுப் போயிடறாங்களாம், லைப்ரரிக்காரருக்கு ஒரே குஷி. மோட்டார் ரூம் சாவியைக் குடியிருப்போர் சங்கத்துக்காரரே கொண்டுவந்து கொடுத்துட்டுப் போனார், புதுசா வச்சிருந்தவர் மோட்டாரைப் போட்டுட்டுத் தூங்கிட்டாராம்.

போன வாரம் அந்த ஓவியப் பொண்ணு பெயிண்ட் டப்பாவோட வந்தா. அங்கிள், நீங்க வருத்தப்பட்டீங்கன்னு கேள்விப்பட்டேன், தாடி மீசை வச்சு ஆளையே மாத்திடறேன்னா. இவர் வேண்டாம்னுட்டார். அப்ப எனக்கு அந்த இடத்தைக் கொடு, ராஜாவுக்கு உட்கார்றதைத் தவிர வேலையே இல்லைன்னு பல் டாக்டர் ஒரு பக்கம். அவர் போனதும் அந்தப் பொண்ணு மெதுவா, நிஜமா சொல்லுங்க அங்கிள், அவன் ஏன் திறந்திருப்பான்னு கேட்டா. தண்ணித் தொட்டிக் கதையை எடுத்து விடப் போறார்னு நான் நினைச்சேன். இவர் தாழ்ப்பாளையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, அவன் பொண்ணு வெளியூர் போயிருந்திருப்பாம்மா, அவ இல்லாதபோது கதவைச் சாத்திட்டாங்க, ஒருநாள் அவ குரல் வெளியே கேட்டிருக்கும், பின்னாடி யார் வர்றாங்கன்னு பார்த்துக்கிட்டா இருப்பான், திறந்துட்டிருப்பான்னார். அந்தப் பொண்ணு டப்பாவை மூடிட்டா.

உனக்கு லீவு கிடைக்குமா கிடைக்காதான்னு நான் கேட்கலை, அங்கே உனக்கு என்ன கஷ்டமோ. தலைக்கு எண்ணெய் வச்சுக்கோ, ராத்திரி கண்ணு முழிக்காதே, எடுத்த காரியமெல்லாம் உனக்கு நல்லபடியா முடியட்டும், நோய் நொடி இல்லாம நீ நூறு வருஷம் இருக்கணும். டிக்கெட் போட்டா முன்னாடியே சொல்லு. சொல்லாம வந்து நின்னாலும் பரவாயில்லை.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா