அசையாத எண்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. மனசைப் பற்றிக் கேட்காதே. போனிலேயே சொல்லியிருப்பேன், நீ பேசும்போதெல்லாம் அண்ணி என் பக்கத்திலேயே இருக்கிறார். அவருடைய அண்ணனைப் பற்றி அவர் காதுபடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் வேலையை விட்டுவிட்டேன். உன் மச்சான் இதற்குள் உனக்கு ஒரு கதை சொல்லியிருப்பார். நடந்தது இதுதான்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர் அறைக்காக அவர் கம்பெனியில் நான் ஒரு புரோகிராம் எழுதினேன். படம், பட்டன் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடித்தால் போதும்; நிமிடத்துக்கு ஒரு தரம் அறைக்குள் இருக்கும் சென்சாரைப் படித்து, எத்தனை டிகிரி என்று ஒரு வரி எழுதும். எட்டைத் தாண்டினால் மருந்து கெடும் என்பதால், உடனே மருந்தகத்தில் மணி அடிக்கும். பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் பொய் சொல்லத் தெரியாத சாமான் என்பதால் எனக்கு அதைப் பிடித்திருந்தது.

போன மாதம் மணி ஓயாமல் அடித்தது. அறையைக் குளிர்விக்கும் மெஷினையும் உன் மச்சான்தான் போட்டுக் கொடுத்தார். பழைய மெஷினுக்குப் பெயிண்ட் அடித்தது என்று பிறகுதான் தெரிந்தது. என்னைக் கூப்பிட்டு, டீயை உறிஞ்சிக்கொண்டே, "உன் சென்சார் சும்மா கத்துதும்மா. எட்டுக்கு மேல போனா முன்னாடி வந்த நம்பரையே காட்டுற மாதிரி ஒரு வரி சேத்துடு" என்றார். சென்சாரை மாற்றியும் பார்த்துவிட்டேன், மெஷினைத்தான் சரி செய்ய வேண்டும், நான் அப்படி எழுத மாட்டேன் என்றேன். "சரி, பாத்துக்கலாம்" என்றார்.

மணி நின்றுவிட்டது. மெஷினைச் சரி செய்துவிட்டார் என்று நானும் முட்டாள் மாதிரி நம்பினேன்.

பிறகு ஒரு நாள் வேறு வேலையாக அந்தத் திரையைப் பார்த்தேன். 7.9, 7.9, 7.9 என்று மேலிருந்து கீழ்வரை ஒரே எண். உயிருள்ள சென்சார் அப்படி நிற்காது அண்ணா. கதவைத் திறந்தால் ஏறும், மூடினால் இறங்கும், சும்மா இருந்தாலும் புள்ளிக்கு அப்புறம் ஆடிக்கொண்டே இருக்கும். புரோகிராமைத் திறந்தேன். நான் மறுத்த வரி உள்ளே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. என் பாஸ்வேர்டைப் போட்டு என் கணக்கில் நுழைந்து எழுதியிருக்கிறார். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர். சென்சாரை மட்டும் நேரே படிக்கிற மாதிரி நாலு வரி அடித்து ஓட்டினேன். பதினாலு டிகிரி.

நேரே மருந்தகத்துக்குப் போய், பொறுப்பில் இருக்கும் அம்மாவிடம் சொன்னேன். அவர் அறைக்குள் போய்த் திரும்பி வந்து, கதவைப் பூட்டினார். மருந்து முழுவதும் குப்பைக்குப் போயிற்று. அதற்குள் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளைத் தேடித் தேடி மறுபடி வரச் சொல்கிறார்கள். இன்னொரு நாள் நான் அங்கே நிற்கும்போது ஒரு தாய் வந்து, "ஏங்க திரும்பக் குத்தணும்? போன தடவையே அழுது அழுது புள்ளைக்கு மூச்சு முட்டிடுச்சு" என்று கேட்டாள்.

சோறு போட்ட கையைக் கடித்துவிட்டாள் என்று உன் மச்சான் சொந்தக்காரர் வீடெல்லாம் சொல்கிறார். அம்மாவும், "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணலாமாடி, போய் மன்னிப்புக் கேளு" என்கிறாள். இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

நேற்று, நம் குட்டிக்கும் அங்கேதானே ஊசி என்று பதறிப் போய் அண்ணியிடம் கேட்டேன். அவர் வெள்ளந்தியாக, "இல்லையே, எங்கண்ணன் அப்பவே போன் பண்ணி, இந்த மாசம் அங்க வேணாம், வேற டாக்டர்கிட்ட போட்டுக்கோன்னு சொல்லிடுச்சே" என்றார். தன் தங்கை பிள்ளைக்கு ஆகாத மருந்து, ஊரார் பிள்ளைக்கு ஆகும் என்று இருந்திருக்கிறார். இந்த மனிதரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேனே!

ஆஸ்பத்திரியில் விசாரணை வைக்கிறார்கள். அந்த வரியை நான்தான் எழுதினேன் என்று அவர் சொல்லப் போகிறார். அவருக்கு முன்பே தெரியும் என்பதற்கு அண்ணியை விட்டால் ஆள் இல்லை. தான் சொன்னதன் அர்த்தம் அண்ணிக்கு இன்னும் புரியவில்லை. நானும் புரியவைக்கவில்லை.

என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லாதே. அண்ணியிடம் இன்னது பேசு என்று சொல்லவும் எனக்கு மனசில்லை. கூடப்பிறந்தவன் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். ஒரு தரம் வந்துவிட்டுப் போ அண்ணா.

குட்டிக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை; ஊசி போட்ட கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறாள். மற்ற பிள்ளைகளும் அப்படியே இருக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
தங்கை