உனக்கு ஆகாத பால்

பாப்பா,

முந்தாநாள் உன் தம்பியின் குதிகாலில் நர்ஸ் ஸ்பிரிட் தடவினாள். உனக்கும் இப்படித்தான் தடவி, ஊசியால் குத்தி, சொட்டுச் சொட்டாக அட்டையில் ஒற்றி எடுத்தார்கள். "பொறவியிலயே ஏதாச்சும் கொறை இருந்தா இதுல தெரிஞ்சிரும்மா. போன் பண்ணுவாங்க, நம்பர் சொல்லு" என்றாள் அன்றைய நர்ஸ்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் அம்மா, உன் அம்மாயி, "மாப்பிள்ள நம்பர எழுதிக்கம்மா. இவளுக்கு யாரு போன் பண்ணப் போறாங்க?" என்று சிரித்தாள். எங்கள் பக்கம் எதற்கும் வீட்டுக்காரர் நம்பர்தான். உன் அப்பா ஓசூர் கம்பெனி கேட்டிலேயே போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது யாருக்கும் நினைவு வரவில்லை.

நம் பாகலூர் வீட்டில் நீ ஆசையாகப் பால் குடித்தாய். வீட்டுக் கணக்கு எழுதும் பழக்கத்தில், எந்தப் பக்கம் எப்போது கொடுத்தேன் என்று காலண்டரில் குறித்து வைத்தேன். நீ கக்கினால் மறுபடியும் கொடுத்தேன். உடம்பு மஞ்சளானபோது வெயிலில் காட்டச் சொன்னார்கள்; காட்டினேன். முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். ஷிப்ட் முடிந்து வந்த உன் அப்பா போனைப் பார்த்தார். "ஏதோ பெங்களூரு நம்பரு, வுடாம அடிச்சிருக்கான். லோன் வேணுமான்னு கேப்பானுங்க" என்று கீழே வைத்தார்.

நீ குடிப்பதை நிறுத்திய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பாலில் இருக்கும் சர்க்கரையை உன் உடம்பு ஏற்காதாம். என் பாலையும்தான். "ரிசல்ட் வந்ததுமே பெங்களூரு லேப்ல இருந்து கூப்பிட்டாங்களேம்மா" என்றார் டாக்டர். பெயர் வைக்க நாள் பார்த்திருந்தோம். அதற்குள் போய்விட்டாய்.

உன் அப்பாவை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவரும் அந்தக் காலண்டரைக் கழற்றியதில்லை. கோயிலில் பால் அபிஷேகம் நடந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன்; கும்பிடுவதை விடவில்லை.

உன் தம்பிக்கு முடிவு தெரியும்வரை டாக்டர் சொன்ன, பால் கலக்காத சோயா பவுடர்தான். அவன் அழும்போதெல்லாம் எனக்குப் பால் சுரந்துவிடுகிறது. பிழிந்து, கால் படாத இடமாகப் பார்த்து, செம்பருத்தி வேரில் ஊற்றுகிறேன்.

இந்த முறை என் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். சமைக்கும்போதும் போன் இடுப்பில்தான். காலையிலிருந்து வந்ததெல்லாம் லோன்காரர்கள். முதல் மணியிலேயே எடுத்து, அவர்கள் பேசுவதற்கு முன்பே, "பாப்பாவோட அம்மா பேசறேங்க" என்று சொல்லிவிடுகிறேன்.