நான் சண்டை போட்டு வாங்கிய பாட்டில்

அக்கா,

இன்று காலை அம்மாவுக்கு வாங்கிய சத்து மாத்திரை அட்டையைக் கிழித்ததும் அந்த வாடை அடித்தது. ஆபரேஷன் முடிந்து வந்த நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்குவாயே, அதே வாடை.

அதற்கு முந்தைய உன்னைத்தான் எனக்குப் பிடிக்கும். நிலக்கோட்டை பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நீயும் நானும் மட்டும் உட்கார்ந்திருப்போம். நிற்பவர் யாராவது முறைத்தால், "ஏலே, அவருக்கும் சேத்து நாந்தான் உக்காந்திருக்கேன்னு சொல்லு" என்பாய். பஸ்ஸே சிரிக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் மட்டும் உன் வாய் அடைத்துப்போகும். பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "பொண்ணு கொஞ்சம் தாட்டியமா இருக்கு" என்று எழுந்து போவார்கள். மாப்பிள்ளைகளின் தொப்பையை யாரும் அளக்கவில்லை. மூன்றாவது மாப்பிள்ளைக்குப் பிறகு, உடம்பு இளைக்க மதுரைக்குப் போய் ஆபரேஷனில் இரைப்பையைச் சுருக்கிக்கொண்டு வந்தாய்.

அடுத்த மாதமே ஊரடங்கு. பஸ் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், கொரோனா முடியட்டும் என்றார்கள். சத்து மாத்திரை தீர்ந்தது. தினமும் வாந்தி எடுத்தாய். தெருவோ உன்னைக் கொண்டாடியது. "ஆத்தி, இம்புட்டு எளச்சுட்டியே!" என்று எதிர்வீட்டு அத்தை வாய்பிளந்தாள். அம்மா உன் ஜாக்கெட்டுகளையெல்லாம் சந்தோஷமாகப் பிடித்துத் தைத்தாள். ஒருநாள் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் வெறுங்காலோடு வெயிலில் நடந்து வந்தாய். "ஏலே, காலு இருக்கா இல்லையான்னே தெரியல" என்றாய். சாப்பிடாத அசதி என்று நாங்களே முடிவு கட்டினோம்.

நம் ஊரில் அசதிக்கு வைத்தியம் ஒன்றுதான். பக்கத்து கிளினிக்கில் நான்தான் சண்டை போட்டேன். "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க சிஸ்டர், அக்கா எந்திரிச்சிரும்." ஏற்றினார்கள். சாயங்காலம் உன் கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடின. என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றாய்.

இ-பாஸ் வாங்கி மதுரைக்குக் கொண்டுபோனோம். வாந்தியில் பி ஒன் என்ற வைட்டமின் சத்து வற்றி, கால் நரம்பும் மூளையும் கெட்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. முதலில் பி ஒன் ஊசி போடாமல் ஏற்றிய குளுக்கோஸ், மிச்சம் இருந்ததையும் தீர்த்துவிட்டதாம். ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய். சொந்தக்காரர்கள் விதி என்றார்கள். விதியா வந்து பஜ்ஜி தின்றது?

போன வாரம் அம்மாவின் காய்ச்சலுக்காக வேறொரு கிளினிக்கில் காத்திருந்தேன். வாந்தியில் துவண்ட மனைவிக்குப் பாட்டில் ஏற்றச் சொல்லி ஒருவர் நர்ஸை விரட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளா வாந்திண்ணே? பி ஒன் ஊசி வேணுமான்னு மொதல்ல டாக்டர்ட்ட கேளுங்க" என்றேன்.

"நீ என்ன டாக்டரா?"

"இல்லண்ணே."

"பெறகென்ன? ஒன் சோலியப் பாத்துக்கிட்டு போ."

அம்மாவுக்கு மருந்து வாங்கியாகிவிட்டது. அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். டாக்டர் வெளியே வந்து அந்தப் பெண்ணைப் பார்க்கும்வரை நான் நகரவில்லை, அக்கா.